தில்லையாடி வள்ளியம்மை

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் கீழைச் சோழ நாட்டில், திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் அருகே தில்லையாடி என்ற சிற்றூர் இருக்கிறது. எங்கள் திருப்பனந்தாளிலிருந்து மயிலாடுதுறை சென்று, அங்கிருந்து கிழக்கே பயணம் செய்தால் அவ்வூரை அடையலாம். முன்பு இவ்விரண்டு ஊர்களும் ஒரே தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவை. பின்னர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த தில்லையாடி, 2020-ஆம் ஆண்டில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது அதனோடு சென்றுவிட்டது. மாவட்டம் பிரிந்தாலும் வயலும் வாய்க்காலும் ஒன்றுதான்.

தில்லையாடியின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கி நிற்பவர் வள்ளியம்மை. ஆனால் அவர் அவ்வூரில் பிறக்கவில்லை, வளரவும் இல்லை. பிறந்தது 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில். மறைந்ததும் அந்நகரில்தான். தில்லையாடி அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர். தந்தையார் முனுசாமி முதலியார் அங்கே சிறு வணிகம் செய்து வந்தார். சிறை சென்றபோது வள்ளியம்மைக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பில் பயிலும் எங்கள் வயதுதான். ஆயினும் அவள் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் என்றே எழுதுகிறோம்.

தமிழர்கள் அத்தனை தொலைவு ஏன் சென்றார்கள் என்று தோழியர் கேட்கலாம். நேட்டால் மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய வெள்ளையருக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கைநாட்டு வாங்கிக்கொண்டனர். அவர்களுக்குப் பின்னால் வணிகர்களும் வேறு பல தொழில் செய்வோரும் தாமாகவே சென்றனர். வெள்ளையர் கண்ணுக்கு எல்லாரும் கூலிகளே. தமிழ்ப் பெயர்கள் பல சாமி என்று முடிந்ததால் தமிழர் அனைவரையும் சாமி, சாமி என்றே அழைத்தார்களாம். கடவுளைக் குறிக்கும் சொல்லை இப்படி ஏளனத்துக்குப் பயன்படுத்தியவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்!

ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது. 1903-இல் அதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். ஆண் பிள்ளைக்குப் பதினாறு வயதில் வரி. பெண் பிள்ளைக்கோ பதின்மூன்று வயதிலேயே வரி. பெண்ணுக்கு மூன்றாண்டு முன்னதாகவே தலைக்கு விலை வைத்த இக்கணக்கை நாங்கள் படித்தபோது எங்கள் வகுப்பை எண்ணிப் பார்த்தோம். ஒருவரும் தப்ப முடியாது. மாதம் பதினான்கு ஷில்லிங் சம்பாதிப்பதே அரிதாக இருந்தவனுக்கு, மனைவி மக்களோடு நான்கு பேர் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் வரி. அதாவது இருநூற்று நாற்பது ஷில்லிங். ஓராண்டு முழுவதும் உண்ணாமல் உடுக்காமல் இருந்தாலும் கட்ட இயலாத தொகை அது.

காந்தியடிகள் 1906 முதல் அங்கே அறப்போர் நடத்தி வந்தார். டிரான்ஸ்வால் மாநிலத்தில் இந்தியர்கள் பத்து விரல் ரேகையும் பதித்துப் பதிவுச் சீட்டு பெற வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துத் தமிழர் பலர் சிறை சென்றனர். நாகப்பன் என்ற பதினெட்டு வயது இளைஞர் கடுங்குளிரில் சிறை முகாமில் வேலை வாங்கப்பட்டு, வெளியே வந்த சில நாட்களில், 1909 ஜூலை 6-ஆம் நாள் உயிர் நீத்தார். அந்தக் காலம் முழுவதும் போராட்டத்துக்காகச் சிறை சென்றவர்கள் ஆண்களே. தாங்களும் வருகிறோம் என்று பெண்கள் சிலர் அப்போதே முன்வந்தும், காந்தியடிகள் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். கணவன் சிறையில் இருக்கும்போது அடுப்பை எரிய வைப்பதும் பிள்ளைகளைக் காப்பதும் பெண்ணின் பங்காக இருந்தன. அதுவும் ஒரு போராட்டமே. ஆனால் அதற்கு யாரும் மாலை போடுவதில்லை.

இந்த நிலையை மாற்றியது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. 1913 மார்ச் 14-ஆம் நாள் கேப் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஸேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். இந்தியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிமின் மனைவியைக் கரையிறங்க விடலாமா கூடாதா என்பதே வழக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் முன் திருமணமே ஆகாது என்று அவர் முடிவு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவு பெற்ற திருமணம்தான் செல்லும் என்ற நிலை வந்தது. இதன் பொருள் என்ன? அங்கிருந்த இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் மனைவி என்னும் தகுதியை இழந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத் தந்தை சொத்தில் உரிமை உண்டா என்பதும் கேள்வியாயிற்று. கழுத்தில் தாலியோடு இருந்த தாயாரை நீ மனைவியே அல்லள் என்று ஓர் அரசு சொன்னால், அருகில் நிற்கும் மகளுக்கு எப்படி இருக்கும்!

இனிப் பெண்களைத் தடுப்பதற்குக் காரணம் இல்லை என்று காந்தியடிகள் கண்டார். அவமானம் பெண்களுக்கு இழைக்கப்பட்டது. ஆகவே பதிலும் பெண்களிடமிருந்தே வர வேண்டும். டிரான்ஸ்வால் பெண்களிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. சிறையில் உணவு மோசமாக இருக்கும், துணி துவைக்கச் சொல்வார்கள், கடின வேலை தருவார்கள், காவலர்கள் இழிவாகவும் பேசக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். முதலில் புறப்பட்ட பதினொருவருள் ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கைக்குழந்தையோடு இருந்தனர், ஒருவர் கருவுற்றிருந்தார். ஒருவரும் பின்வாங்கவில்லை.

அவர்கள் கைதாவதற்குப் பட்ட பாடு சற்று வேடிக்கையானது. வெரீனிகிங் என்னும் ஊரில் உரிமம் இல்லாமல் கூவி விற்றார்கள், போலீசார் கண்டுகொள்ளவில்லை. அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் நுழைந்தார்கள். அப்போதும் கைது இல்லை. பெண்கள்தானே, தாமாகவே வீடு திரும்பிவிடுவார்கள் என்று அதிகாரிகள் எண்ணினார்கள் போலும். அவர்களோ நேரே நியூகாசில் நகரத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளர் குடியிருப்புகளில் மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். அங்கிருந்த தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கருமே. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் மொழியில் வந்து நியாயம் கேட்டபோது, ஆண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். வேலைநிறுத்தம் தீயெனப் பரவியது. அதன் பிறகே அரசு விழித்துக்கொண்டது. அக்டோபர் 21-ஆம் நாள் அப்பதினொருவரையும் கைது செய்து, மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பினார்கள். 1893-இல் காந்தியடிகளை இரயில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர்தான். ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து வந்து செப்டம்பரிலேயே தண்டனை பெற்ற அன்னை கஸ்தூர்பாவும் அச்சிறையில் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் ஒருவர் கொள்கைக்காகச் சிறை சென்று வந்தால் தியாகி என்பார்கள். பெண் ஒருத்தி எக்காரணத்துக்காகவேனும் போலீஸ் நிலைய வாசலை மிதித்துவிட்டால் போதும், அவளைப் பற்றி ஊர் வேறு விதமாகப் பேசும். பெண் பார்க்க வருபவர்கள் தயங்குவார்கள். குற்றம் செய்தாளா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வெண்ணம் எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்! அந்தக் காலத்தில் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு தாய் சிறைக்குப் புறப்பட்டார் என்பதைத்தான் நாங்கள் மிகப் பெரிதாக எண்ணுகிறோம். 1913 அக்டோபர் மாத இறுதியில் இரண்டாவது பெண்கள் குழு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. அதில் வள்ளியம்மையும் அவருடைய தாயாரும் இருந்தனர். ஊர் ஊராகச் சென்று தொழிலாளரிடம் பேசினர். மூன்று பவுன் வரி முனுசாமி முதலியார் குடும்பத்தைத் தொடவில்லை. அது நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளருக்கு உரியது. தம் வீட்டு வாசலுக்கு வராத துன்பத்துக்காக வள்ளியம்மை நடந்தார்.

நவம்பர் 6-ஆம் நாள் காந்தியடிகள் தொழிலாளரோடு டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தார். அப்படையில் ஆண்கள் 2,037 பேர், பெண்கள் 127 பேர், குழந்தைகள் 57 பேர். வழியில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. கைதானவர்களை அடைக்கச் சிறைகள் போதாமல், சுரங்க வளாகங்களையே சிறை என்று அறிவித்து, சுரங்க ஊழியர்களையே காவலர்களாக்கினார்கள். முதலாளியே சிறை அதிகாரி! இதைக் கேட்டு இந்தியா கொதித்தது. இராஜப் பிரதிநிதியாக இருந்த ஹார்டிஞ்ச் பிரபுகூடச் சென்னையில் பேசும்போது போராட்டக்காரர்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்.

வள்ளியம்மைக்கு 1913 டிசம்பர் மாதத்தில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அன்னை கஸ்தூர்பா விடுதலையாகி வெளியே வந்ததும் அம்மாதத்திலேதான். வெளியே வந்தவர் எலும்புக்கூடு போல் இருந்தார். விரதம் காரணமாக அவர் உண்ணத் தக்க உணவு சிலவே. வெகுநாள் மன்றாடிய பின் தந்த அவ்வுணவும் வாயில் வைக்க முடியாததாக இருந்தது. கொடுத்த ஆலிவ் எண்ணெய் கெட்டுப் போயிருந்தது. சொந்தச் செலவில் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, இது ஓட்டல் அன்று என்று சொல்லிவிட்டார்கள். மற்றப் பெண்களுக்கும் மிக மட்டமான உணவே. வேலையோ சலவை வேலை. கருவுற்றவள், பால் கொடுப்பவள், வளரும் பருவத்துச் சிறுமி என்ற வேறுபாடு அந்தச் சிறைக்குத் தெரியவில்லை. சிறைகள் எல்லாம் ஆண் உடலை எண்ணிக் கட்டப்பட்டவை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எங்கள் திருப்பனந்தாள் கோயில் வரலாற்றைத் தோழியர் அறிந்திருப்பீர்கள். தாடகை என்னும் பெண் இறைவனுக்கு மாலை சாத்தக் கையை உயர்த்தியபோது ஆடை நெகிழ்ந்தது. ஆடையை முழங்கைகளால் பற்றிக்கொண்டு அவள் தவித்ததைக் கண்டு, சிவலிங்கத் திருமேனியே தலை சாய்ந்து மாலையை ஏற்றுக்கொண்டதாம். பெண்ணின் மானம் காக்கக் கடவுளே குனிந்தார் என்று சொல்லும் ஊர் எங்கள் ஊர். மாரிட்ஸ்பர்க் சிறையில் அப்படிக் குனிந்தவர் ஒருவரும் இல்லை.

நம் நாட்டிலும் இதற்காகச் சட்டம் வெகு காலம் கழித்தே குனிந்தது. 1982-இல் ஷீலா பர்சே என்னும் பத்திரிகையாளர் பம்பாய்ச் சிறையில் பதினைந்து பெண் கைதிகளைச் சந்தித்தார். அவர்களுள் ஐந்து பேர், போலீஸ் லாக்கப்பில் தாங்கள் தாக்கப்பட்டதாகக் கூறினார்கள். அவர் எழுதிய கடிதத்தையே வழக்காக ஏற்று 1983-இல் உச்ச நீதிமன்றம், பெண்களைத் தனி லாக்கப்பில் பெண் காவலர் பொறுப்பில்தான் வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பொழுது சாய்ந்த பின்னும் பொழுது விடிவதற்கு முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் பெண் அதிகாரி ஒருவர் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியைப் பெற்றே செய்ய வேண்டும் என்ற விதி 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது; 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணை நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவள் இருக்கும் இடத்துக்கே சென்று விசாரிக்க வேண்டும். இவற்றை நாங்கள் இங்கே எழுதுவதற்குக் காரணம், எங்களுள் பலருக்கே இவை இப்போதுதான் தெரிய வந்தன. வீட்டில் சொன்னபோது எங்கள் அம்மாக்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மீண்டும் வள்ளியம்மையிடம் வருவோம். சிறைக்குள் சென்ற சில நாட்களிலேயே அவருக்குக் காய்ச்சல் கண்டது. உடல் மெலிந்தது. தண்டனைக் காலம் முடியும் முன்னரே விடுவிப்பதாக அதிகாரிகள் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் எங்களுக்குள் வாதம் எழுந்தது. விடுதலையை ஏற்று, உடல் தேறி, பிறகு எத்தனையோ தொண்டு செய்திருக்கலாமே என்று எங்களுள் ஒரு சாரார் கூறினர். மற்றப் பெண்கள் உள்ளே இருக்கத் தான் மட்டும் வெளியே வர எப்படி மனம் வரும் என்று மறு சாரார் கூறினர். வாதம் முடியவில்லை. ஆனால் ஒன்றில் இரு சாராரும் ஒத்துப்போனோம். நோயுற்ற கைதியைக் காப்பது அரசின் கடமை. அது சலுகை அன்று. போகிறாயா, இருக்கிறாயா என்று காய்ச்சலில் கிடக்கும் பதினைந்து வயதுப் பெண்ணிடம் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டவர்களைத்தான் நாம் குறை சொல்ல வேண்டும்.

1914 ஜனவரியில் காந்தியடிகளுக்கும் ஜெனரல் ஸ்மட்ஸ் அவர்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. வள்ளியம்மை வெளியே வந்தார். நோயும் கூடவே வந்தது. காந்தியடிகள் பார்க்கச் சென்றபோது அவர் படுக்கையில் கிடந்தார். இயல்பாகவே உயரமான பெண்ணாதலால் அந்த மெலிவு இன்னும் கொடுமையாகத் தெரிந்தது. சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டார். வருந்தவில்லை, இப்போது கைது செய்தாலும் மறுபடி போவேன் என்பது வள்ளியம்மையின் விடை. இறக்க நேர்ந்தால் என்ன செய்வாய் என்று அவர் மேலும் வினவ, அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் தாய்நாட்டுக்காக உயிர் விட யாருக்குத்தான் விருப்பம் இராது என்றும் சொன்னார். அவர் தாய்நாடு என்றது, தாம் பிறந்திராத நம் நாட்டை!

அதன் பின் சில நாட்களே. 1914 பிப்ரவரி 22-ஆம் நாள், தம் பதினாறாவது வயது நிறைந்த பிறந்த நாளன்றே, வள்ளியம்மை மறைந்தார்.

மேடைகளில் அவரைப் பற்றி வேறு பல கதைகள் சொல்லப்படுகின்றன. சேலையைக் கிழித்துக் கொடி காட்டினார் என்பார்கள். காந்தியடிகளைக் குறிபார்த்த துப்பாக்கியின் முன் பாய்ந்து நின்றார் என்பார்கள். காந்தியடிகள் வள்ளியம்மையைப் பற்றி எழுதிய பக்கத்தில் இவை இல்லை. எனவே நாங்களும் சேர்க்கவில்லை. காய்ச்சலோடு துணி துவைத்த பெண்ணுக்கு அந்த அலங்காரம் தேவையா? தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றிய அந்த நூலைக் காந்தியடிகள் எழுதத் தொடங்கியதும் ஒரு சிறையில்தான். 1923-இல் எரவாடாச் சிறையில்.

வள்ளியம்மை மறைந்த ஐந்தாம் மாதத்தில், 1914 ஜூலையில், இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்திய முறைப்படி நடந்த திருமணங்களில் ஒரு மனைவியைச் சட்டப்படி மனைவியாக ஏற்றுக்கொண்டார்கள். அம்மாதம் 15-ஆம் நாள் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் நாகப்பன், வள்ளியம்மை இருவருக்கும் நினைவுக் கற்களைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். மூன்று நாட்களில் தென்னாப்பிரிக்காவை விட்டே புறப்பட்டுவிட்டார்.

தாயகம் திரும்பிய அதே ஆண்டில் அவர் தமிழகம் வந்தார். 1915 ஏப்ரல் மாதக் கடைசியில் தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் சென்றார். தம்மோடு நின்று சிறை புகுந்தவர்களின் பூர்வீக ஊரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அவர் வருகையைக் குறிக்கும் நினைவுத் தூண் இன்றும் தில்லையாடியில் நிற்கிறது. பதினைந்தாண்டுகள் கழித்து, அதே கடலோரத்தில் இன்னும் தெற்கே, வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் சிறை சென்றார்.

சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகம் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்ற பெயர் பெற்றிருக்கிறது. 2008 டிசம்பர் 31-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் மறைந்த நாட்களில் ஜோகன்னஸ்பர்க் இந்தியர்கள் இரங்கல் கூட்டம் கூட்டி, வள்ளியம்மை பெயரில் ஒரு மண்டபம் எழுப்புவதாகத் தீர்மானம் செய்தார்கள். அந்தத் தீர்மானம் நிறைவேறாமல் போனதைக் காந்தியடிகள் தம் நூலில் வருத்தத்தோடு குறித்திருக்கிறார். அந்த நகரில் எழாத மண்டபம், ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1971-இல், தில்லையாடியில் எழுந்தது. அதில் பொது நூலகம் ஒன்றும் இருக்கிறது.